எண்ணெய் வடிகட்டி (தானுந்து)

எண்ணெய் வடிகட்டி என்பது தானுந்து எஞ்சினின் உயவு எண்ணெயில் கலக்கும் உலோகத் துகள், கரி, தூசி ஆகியவற்றைப் பிரித்தெடுக்கும் கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது ஆயில் ஃபில்டர் எனப்படும். வடிதாள் ஒரு தடை என்பதால், அது எஞ்சினுக்குச் செல்லும் எண்ணெயின் அளவைக் குறைத்துவிடும் என்ற கருத்து பரவலாக உள்ளது. பெரும்பாலான வேளைகளில் இது சரியன்று.

ஓட்டமும் அழுத்தமும்

எண்ணெய் எக்கி பொதுவாகப் பற்சக்கர வகையைச் சேர்ந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறத்தாழ ஒரே கன அளவு எண்ணெயை அது தள்ளும். ஆகவே ஓட்டத்தைத் தீர்மானிப்பது எஞ்சினின் சுழற்சி வேகமே. எண்ணெய் செல்லும் வழியிலுள்ள தடையினால்தான் அழுத்தம் உண்டாகிறது. அத்தடையில் பெரும்பங்கு கிராங்க் தண்டுக்கும் அதன் தாங்கிகளுக்கும் இடையேயுள்ள, ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கே ஆன இடைவெளியில் உள்ளது. சூடான எண்ணெயில், நல்ல வடிகட்டியின் தடை இதனுடன் ஒப்பிட மிகச் சிறியது.

மின்சுற்றியல் படித்தோர் இதனை, மாறா மின்னோட்ட மூலத்துடன் தொடராக இணைந்த இரு தடையங்களாகக் கருதலாம். வடிகட்டியின் தடை கூடினால் எக்கிக்கும் வடிகட்டிக்கும் இடையே அழுத்தம் உயரும். தாங்கிகளுக்குச் செல்லும் ஓட்டமோ அங்குள்ள அழுத்தமோ மாறுவதில்லை. (மாறும் கொள்ளளவு எக்கி பொருத்திய அண்மைக்கால எஞ்சின்களுக்கு இவ்விளக்கம் முழுமையாகப் பொருந்தாது.)

இதற்கும் ஒரு வரம்பு உண்டு. எக்கியை அடுத்து அழுத்தத் தணிப்பு வால்வு ஒன்று இருக்கும். பல எஞ்சின்களில் இது 4 முதல் 6 பார் அழுத்தத்தில் திறந்து, மிகுதி எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பும். குளிர்காலக் காலையில் எண்ணெய் பாகுபோல் தடித்திருக்கும்போது எஞ்சினை விரைவாகச் சுழற்றினால் இவ்வால்வு திறந்துகொள்ளும். அந்நிலையில் மட்டும் வடிகட்டியின் தடை, எஞ்சினை அடையும் எண்ணெயை உண்மையாகவே குறைக்கும்.

மாற்றுவழி வால்வு

வடிகட்டி அடைபட்டாலும் எஞ்சின் எண்ணெயின்றி நின்றுவிடாதிருக்க, வடிகட்டியிலோ எஞ்சின் உடலிலோ மாற்றுவழி வால்வு அமைக்கப்படுகிறது. வடிதாளின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாடு ஏறத்தாழ 0.5 முதல் 1.5 பார் வரையிலான ஒரு குறித்த அளவைத் தாண்டினால் இது திறக்கும். அதன்பின் வடிகட்டப்படாத எண்ணெயும் தாங்கிகளுக்குச் செல்லும். அழுக்கு எண்ணெய் தேய்மானத்தை உண்டாக்கும். எண்ணெயே இல்லாமை சில நிமிடங்களில் தாங்கிகளை உருக்கி எஞ்சினை இறுக்கிவிடும். இரண்டில் தீமை குறைந்ததை வடிவமைப்பாளர் தேர்ந்துள்ளனர்.

இதன் விளைவொன்றை ஓட்டுநர் பலர் அறிவதில்லை. அழுத்த உணரி பெரும்பாலும் வடிகட்டிக்கு அப்பால் உள்ளது. வடிகட்டி முற்றிலும் அடைபட்டு மாற்றுவழி திறந்திருந்தாலும், எண்ணெய் விளக்கு எரியாமலே இருக்கலாம். எனவே வடிகட்டியை மாற்றவேண்டிய காலத்தை விளக்கைக் கொண்டு அறிய இயலாது. தயாரிப்பாளர் குறித்த தொலைவே வழிகாட்டி. மாறாக, ஓட்டத்தின்போது விளக்கு எரிந்தால், எண்ணெய்க் குறைவு, எக்கிப் பழுது, தாங்கித் தேய்மானம் போன்றவற்றையே முதலில் ஐயுற வேண்டும். எஞ்சினை உடனே நிறுத்துவதே பாதுகாப்பானது.

வடிகட்டியில் ரப்பராலான திரும்புதடுப்பு வால்வும் உண்டு. இது பழுதானால், நிறுத்திய வண்டியின் வடிகட்டியிலிருந்து எண்ணெய் வடிந்துவிடும். மறுமுறை கிளப்பும்போது அழுத்தம் ஏறச் சில நொடிகள் தாமதமாகும்.

வரலாறு

1923 இல் அமெரிக்கரான எர்னஸ்ட் சுவீட்லாந்து உருவாக்கிய பியூரோலேட்டர் முன்னோடி வடிகட்டிகளுள் ஒன்று. தொடக்ககால அமைப்புகள் பலவற்றில் எண்ணெயின் ஒரு சிறு பகுதி மட்டுமே வடிகட்டி வழியாகச் சென்று தொட்டிக்குத் திரும்பியது. எண்ணெய் முழுவதையும் வடிகட்டும் முழுவோட்ட முறை பின்னரே பொதுவானது. காற்றால் குளிர்விக்கப்பட்ட வோக்சுவேகன் பீட்டில் எஞ்சின், நெடுங்காலம் வடிதாள் ஏதுமின்றிக் கம்பிவலைச் சல்லடை ஒன்றுடன் மட்டுமே ஓடியது. அதன் உரிமையாளர்கள் எண்ணெயை அடிக்கடி மாற்றி இக்குறையை ஈடுசெய்ய வேண்டியிருந்தது.