சைக்கிளில் அக்காவும் தம்பியும்

சுவரோவியம், பழைய சைக்கிள், 2012
ஓவியர்: எர்னெஸ்ட் ஜக்காரெவிச், லித்துவேனியா
ஆர்மேனியன் சாலை, ஜார்ஜ்டவுன், பினாங்கு

பிள்ளைகள் ஓவியம்; சைக்கிள் நிஜம். பழைய சைக்கிள் ஒன்றைச் சுவரோடு பொருத்தி, ஓட்டும் அக்காவையும் அவளை இறுகப் பிடித்திருக்கும் தம்பியையும் ஓவியர் அதன்மேல் தீட்டினார். மாதிரியாக இருந்தவர்கள் உள்ளூர்ப் பிள்ளைகள். சுவரின் கறையையும் உரிந்த பூச்சையும் அவர் மறைக்கவில்லை. படத்துக்குப் பாதி உயிர் அவற்றால்தான்.

இரவோடு இரவாக எழுதிவிட்டுப் போகும் சுவர்க் கிறுக்கல் அல்ல இது. 2012 ஜார்ஜ்டவுன் விழாவுக்காக இப்பகுதியில் வரையப்பட்ட ஓவியங்களுள் ஒன்று. நகரம் 2008இல், மலாக்காவுடன் சேர்ந்து, யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளமானது.

இங்குள்ள பழைய கடைவீடுகளின் சுண்ணாம்புப் பூச்சு ஈரம் ஏறினால் உரியும். மேலுள்ள வண்ணமும் கூடவே உதிரும். வெயிலும் மழையும் போதாதென்று, தொட்டுப் பார்க்கும் கைகளும் சேர்ந்துகொள்கின்றன.

அருகில் நின்று படம் எடுக்கலாம். சைக்கிளில் ஏற வேண்டாம்.