பள்ளி அறிவித்தற் பலகையில் அரும்பிய இசைக்குழு

போட்டியொன்றில் முதற் பரிசில் பெற்ற பிள்ளையை ஊரார் கூடிக் கொண்டாடுவர். மறுநாள் முதல் அப்பிள்ளை யாது செய்தது எனக் கேட்பார் அரியர். அக்கேள்விக்கு நல்லதோர் விடையை அயர்லாந்து நாட்டு இசைக்குழுவொன்றின் இளமைக் காலத்திலே நாம் காண்கின்றோம். உலகெங்கும் 'யூ 2' எனப் புகழ்பெற்ற றொக் இசைக்குழுவே அது.

1976 ஆம் ஆண்டு, டப்ளின் நகரத்து மவுண்ட் டெம்பிள் பள்ளியிலே, லரி மல்லன் என்னும் 14 வயது மாணவன் அறிவித்தற் பலகையில் ஒரு துண்டை ஒட்டினான். இசைக்குழு அமைக்க விரும்புவோரை அழைத்தது அத்துண்டு. அவன் மேளம் பயின்றவன். செப்டெம்பர் 25 ஆந் தேதி, அவன் வீட்டுக் குசினியிலே மாணவர் சிலர் கூடினர். பின்னாளிற் 'பொனோ' எனப் பெயர் பூண்ட போல் ஹியூசன், கிற்றார் வாசித்த டேவிட் எவன்ஸ், அவன் தமையன் டிக், அடம் கிளேற்றன் ஆகியோர் அவர்களுட் சிலர். ஆர்வம் மிகுதி, பயிற்சியோ சொற்பம். 'பீட்பாக்' என முதலிற் பெயரிட்டுக் கொண்டனர். தாம் அறிந்திருந்த இசைத்தொழிற் சொற்கள் மிகச் சிலவாதலின், அவற்றுள் ஒன்றையே பெயராக்கினராம்! அவ்வாண்டே பள்ளியில் நடந்த திறமைப் போட்டியில், ஏறத்தாழப் பத்து நிமிடம் பிறர் பாடல்களை இசைத்தனர். அதுவே அவர்தம் முதல் மேடை.

பின்னர்க் குழு 'ஹைப்' ஆயிற்று. 1978 இல் 'யூ 2' ஆயிற்று. அவ்வாண்டு மார்ச் 17 ஆந் தேதி, புனித பற்றிக் திருநாளன்று, லிமரிக் நகரிலே நடந்த போட்டியில் நால்வராய் முதலிடம் பெற்றனர். பரிசில் 500 பவுண்; அதனோடு ஒலிப்பதிவுக் கூடத்திலே மாதிரிப் பதிவு செய்யும் வாய்ப்பு. அம்மாதத்திலேயே ஹௌத் என்னும் ஊரிலே நடந்த நிகழ்ச்சியின் நடுவே, தமையன் டிக் மேடையை விட்டு இறங்கி விடைபெற்றார்.

இனி எல்லாம் இன்பமே என வாசகர் எண்ணக்கூடும். ஆனால் ஏப்பிரலிலே கீஸ்டோன் ஒலிப்பதிவுக் கூடத்திற் செய்த பதிவு சிறக்கவில்லை. மேடையிலே கைகொடுத்த துணிவு ஒலிவாங்கியின் முன் கைவிட்டது. அனுபவமின்மையும் அச்சமும் தடையாயின. பரிசில் வாயிலைத் திறந்தது. உள்ளே நடப்பதற்கு வேண்டிய வலிமையை அது தரவில்லை.

எனினும் அவர்கள் சோர்ந்திலர். அவ்வாண்டே போல் மக்கின்னஸ் என்பார் குழுவின் முகாமையாளரானார். 1979 செப்டெம்பரில் 'திரீ' என்னும் சிறு இசைத்தட்டு அயர்லாந்தில் மட்டும் வெளியாயிற்று. ஆண்டிறுதியில் இலண்டன் சென்று பாடியும் அங்குள்ள நிறுவனங்கள் இரங்கவில்லை. 1980 மார்ச்சிலேதான் ஐலண்ட் நிறுவனம் ஒப்பந்தஞ் செய்தது. லிமரிக் வெற்றிக்கும் இதற்கும் இடையே முழுதாய் இரண்டாண்டு! ஒக்டோபரில் 'போய்' என்னும் முதற் பெருந்தட்டு வெளிவந்தது. பின்னர் 22 கிராமி விருதுகள் அவர்களை வந்தடைந்தன.

அவர்தம் இசை எல்லோர் செவிக்கும் இனிக்கும் என நாம் கூறவில்லை. ஆயினும், பரிசில் பெற்ற பின்னும் தம் குறையைக் கண்டு மீண்டும் பயிற்சிக்கு அமர்ந்த அம்மாணவரின் உறுதி போற்றத்தக்கது. கிண்ணத்தோடு வீடு திரும்பும் பிள்ளையைப் பாராட்டுவோம். மறுநாட் காலை அதனைப் பயிற்சிக்கு அனுப்பவும் மறவாதிருப்போம்.