செல்லிடப்பேசி கண்டுபிடிக்கும் கூடைப்பந்து வீரர்கள்: கண்டுபிடித்த பின்?

பெங்களூரு: விளையாட்டுத் திறமை உள்ள சிறுவர், சிறுமியரைக் கண்டறிய இனி பயிற்சியாளர் ஊர் ஊராகச் செல்ல வேண்டியதில்லை, ஒரு செல்லிடப்பேசியும் அதில் ஒரு செயலியும் போதும் என்ற நம்பிக்கை மத்திய அரசிடமும் விளையாட்டு அமைப்புகளிடமும் வலுத்து வருகிறது. இந்த நம்பிக்கையில் நியாயம் உண்டு. ஆனால், அதன் எல்லை எது என்பதும் பேசப்பட வேண்டும். கூடைப்பந்தைப் பொருத்தவரை, அதைப் பேசுவதற்கு உகந்த நகரம் பெங்களூரு.

தகவல் தொழில்நுட்பத்தின் தலைநகரம் என்பது மட்டும் இதற்குக் காரணமல்ல. இந்திய விளையாட்டு ஆணையத்தின் தென்மண்டல மையம் இங்குதான் உள்ளது. மகளிர் ஆசியக் கோப்பை கூடைப்பந்துப் போட்டி 2017, 2019 ஆகிய இரு ஆண்டுகளிலும் இங்குதான் நடைபெற்றது. 2017 ஜூலையில் "பி' பிரிவு இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்ற புள்ளிக் கணக்கில் வீழ்த்தி, இந்திய மகளிர் அணி "ஏ' பிரிவுக்கு முன்னேறியதும் இந்த நகரில்தான். அந்த அணியின் வீராங்கனைகள் எவரையும் செயலி கண்டுபிடிக்கவில்லை. பள்ளி மைதானத்திலும் விளையாட்டு விடுதியிலும் ஏதோ ஒரு பயிற்சியாளரின் கண்ணில் பட்டு மேலே வந்தவர்கள் அவர்கள்.

பயிற்சியாளரின் கண் படாத இடத்தில் இருப்பவரின் கதி என்ன என்பதுதான் செல்லிடப்பேசி எழுப்பும் கேள்வி. கர்நாடகத்தின் ராய்ச்சூரிலிருந்து பெங்களூரு சுமார் 400 கி.மீ. ஒரு நாள் தேர்வு முகாமுக்காக மகளை அழைத்துக்கொண்டு வரும் தந்தைக்குப் பயணச் செலவும் இரண்டு நாள் கூலி இழப்பும் நிச்சயம், தேர்வு நிச்சயமல்ல. அந்தச் சிறுமி உள்ளூர் மைதானத்தில் பந்து எறிவதைப் படம் பிடித்து, அதை அளந்து, பெங்களூருவில் இருப்பவரின் மேஜைக்கு அனுப்ப முடியுமானால், அது சிறிய விஷயமல்ல.

கருவி என்ன செய்கிறது?: 2018 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் புதிய ஐபோன்களை அறிமுகம் செய்த மேடையில், அமெரிக்கக் கூடைப்பந்து லீகின் (என்.பி.ஏ.) முன்னாள் நட்சத்திரம் ஸ்டீவ் நாஷ் தோன்றி "ஹோம்கோர்ட்' என்ற செயலியை விளக்கிக் காட்டினார். கலிபோர்னியாவின் "நெக்ஸ்' என்ற நிறுவனம் உருவாக்கியது அது. செல்லிடப்பேசியை முக்காலியில் பொருத்தி ஆடுகளத்தின் ஓரத்தில் நிறுத்திவிட்டால் போதும். படத்தில் உள்ள பந்து எது, வளையம் எது, ஆடுபவரின் தோள், முழங்கை, முழங்கால் எங்கே என்பதைச் செயலி தானாகவே பிரித்தறிகிறது. எறிந்த பந்துகளில் எத்தனை வளையத்துக்குள் விழுந்தன, ஆடுகளத்தின் எந்த இடத்திலிருந்து எறிந்தவை விழுந்தன, கையை விட்டுப் பந்து எந்தக் கோணத்தில் புறப்பட்டது, பந்தைப் பிடித்த நொடிக்கும் விட்ட நொடிக்கும் இடைவெளி எவ்வளவு, எவ்வளவு உயரம் எம்பினார் என்பன போன்ற கணக்குகளை உடனுக்குடன் தருகிறது. தனித்தனி உணர்கருவிகளும் ஆய்வுக்கூடமும் செய்த வேலையைக் கைக்கருவி ஒன்று செய்யத் தொடங்கியது.

2019-இல் என்.பி.ஏ. அந்நிறுவனத்துடன் கூட்டு சேர்ந்தது. பின்னர், உலகின் எந்த மூலையிலிருந்தும் இளம் வீரர்கள் தங்களது ஓட்டம், எம்புதல், பந்தைத் தட்டிச் செல்லுதல், எறிதல் ஆகியவற்றைப் பதிவு செய்து அனுப்பும் வகையில் "குளோபல் ஸ்கௌட்' என்ற செயலியும் வந்தது. கால்பந்தில் இங்கிலாந்தின் செல்சீ, பர்ன்லி கழகங்கள் இதே வழியை "ஏஐஸ்கௌட்' என்ற செயலியின் மூலம் முயன்றன. சர்வதேச ஒலிம்பிக் குழு, இன்டெல் நிறுவனத்துடன் சேர்ந்து 2024-இல் ஆப்பிரிக்க நாடான செனகலின் ஐந்து கிராமங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர்களைச் செயற்கை நுண்ணறிவு மூலம் சோதித்து, அவர்களில் 48 பேரைத் திறமையாளர்கள் என அடையாளம் கண்டதாக அறிவித்தது.

ஆயிரத்திலிருந்து 48 என்பதே இந்தக் கருவியின் உண்மையான பயன். அது வீரரைத் தேர்ந்தெடுப்பதில்லை; யாரை நேரில் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. நேரில் பார்ப்பதற்கு ஆள் இருக்க வேண்டும் என்பது அடுத்த நிபந்தனை.

தில்லியின் மூன்று தொடக்கங்கள்: இந்தியாவில் இதற்கான அரசு முயற்சிகளுக்குக் குறைவில்லை. 2017 ஆகஸ்ட் 28-ஆம் தேதி, அப்போதைய குடியரசு துணைத் தலைவர் வெங்கய்ய நாயுடு தில்லி இந்திரா காந்தி விளையாட்டரங்கில் தேசிய விளையாட்டுத் திறமையாளர் தேடல் இணையதளத்தைத் தொடங்கி வைத்தார். 8 வயது நிரம்பிய எவரும் தங்களது விவரங்களையும் சாதனைகளையும் அதில் பதிவேற்றலாம் என அறிவிக்கப்பட்டது. 2019 பிப்ரவரி 27-ஆம் தேதி, பிரதமர் நரேந்திர மோடி "கேலோ இந்தியா' செல்லிடப்பேசிச் செயலியை வெளியிட்டார். அருகில் உள்ள மைதானங்கள், விளையாட்டு விதிகள் ஆகியவற்றுடன் குழந்தையின் உடல்தகுதியை அளந்து பார்க்கும் வசதியும் அதில் இருந்தது. 2024 மார்ச் 12-ஆம் தேதி, அப்போதைய விளையாட்டுத் துறை அமைச்சர் அனுராக் தாக்குர் சண்டீகரில் "கீர்த்தி' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 9 முதல் 18 வயதுக்கு உள்பட்டோரில் ஆண்டுக்கு 20 லட்சம் பேரை மதிப்பீடு செய்வது அதன் இலக்கு.

ஏழு ஆண்டுகளில் மூன்று தொடக்க விழாக்கள். ஒவ்வொன்றும் புதிய பெயரில், புதிய பதிவிலிருந்து தொடங்கியது. 2017-இல் பதிவு செய்த 10 வயதுச் சிறுவனுக்கு 2024-இல் 17 வயது ஆகியிருக்கும். அவனை யாராவது அழைத்தார்களா, அழைத்தவர் எங்கே சேர்த்தார், இன்று அவன் ஆடுகளத்தில் இருக்கிறானா என்பதைத் தொடர்ந்து சொல்லும் பொதுப் பட்டியல்தான் தேவை. எத்தனை பேரை அளந்தோம் என்பது சாதனைப் பட்டியலில் இடம்பெறும் அளவுக்கு, அளந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பது இடம்பெறுவதில்லை.

"கேலோ இந்தியா' பள்ளி மாணவர்களுக்கு வகுத்துள்ள சோதனைகள் 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம், உட்கார்ந்து கைகளை நீட்டுதல் போன்றவை. இவை உடல்தகுதியைக் காட்டும். எந்த விளையாட்டுக்கும் பொதுவானவை. கூடைப்பந்துக்கு இவை போதாது. ஆயினும், தேர்வு பெற்றவர்களுக்கு அத்திட்டம் தரும் உதவித்தொகை குறிப்பிடத்தக்கது. ஆண்டுக்கு ரூ. 6.28 லட்சம், அதில் மாதம் ரூ. 10,000 வீரரின் கைச்செலவுக்கு. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு இது பெரிய தொகைதான்.

அளவுக்குள் சிக்காதவை: 12, 13 வயதில் ஒரே வகுப்பில் படிக்கும் இரு சிறுவர்களில் ஒருவர் வளர்ச்சியில் மற்றவரைவிடச் சில ஆண்டுகள் முன்னே இருப்பது சாதாரணம். முன்கூட்டியே வளர்ந்தவர் உயரமாக எம்புவார், வேகமாக ஓடுவார். செயலி அவரைத் திறமையாளர் என்று சொல்லும். மூன்று ஆண்டுகள் கழித்து மற்றவர் அவரைத் தாண்டி வளர்ந்திருக்கலாம். உட்கார்ந்த நிலை உயரத்தையும் பெற்றோர் உயரத்தையும் கொண்டு வளர்ச்சிப் பருவத்தைக் கணிக்கும் முறைகள் விளையாட்டு அறிவியலில் உண்டு. அவற்றைச் சேர்க்காமல் எண்களை மட்டும் வரிசைப்படுத்தினால், சீக்கிரம் வளர்ந்தவர்களின் பட்டியல்தான் கிடைக்கும். வயது மோசடி நீண்ட நாள் நோயாக உள்ள நம் நாட்டில், இந்தப் பட்டியல் யாருக்குச் சாதகமாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று: செர்பியாவின் நிகோலா யோகிச்சுக்கு உயரம் உண்டு, ஆனால், எம்புவதிலும் வேகத்திலும் அவர் பேர் பெற்றவர் அல்லர். 2014 என்.பி.ஏ. வீரர்கள் தேர்வில் 41-ஆவது இடத்தில்தான் அவர் எடுக்கப்பட்டார். அவரது பெயர் வந்தபோது தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. 2021, 2022, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளில் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றவர் அவர்தான். சக வீரர் அடுத்த நொடியில் எங்கே இருப்பார் என்பதை உணர்ந்து பந்தை அனுப்பும் அறிவு, தனியாக நின்று வளையத்தில் எறியும் காட்சியில் பதிவாகாது. கூடைப்பந்து ஐந்து பேர் ஆடும் ஆட்டம். செயலி பெரும்பாலும் ஒருவரையே பார்க்கிறது.

யாருடைய செல்லிடப்பேசி?: ஹோம்கோர்ட் முதலில் ஐபோனுக்கு மட்டுமே வந்தது. இந்தியாவில் பெரும்பாலோர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு வகை. படம் தெளிவாக இருக்க நல்ல கேமராவும் வெளிச்சமும் வேண்டும். அளவுகள் ஒப்பிடத்தக்கதாக இருக்க வளையம் சரியாக 3.05 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். வளையம் வளைந்து தொங்கும் அரசுப் பள்ளியின் சிமெண்ட் தரையில் எடுத்த படத்தையும், பெங்களூருவின் கட்டணப் பள்ளி ஒன்றின் மர ஆடுகளத்தில் எடுத்த படத்தையும் ஒரே தராசில் வைப்பது நியாயமாகாது.

சிறுமியருக்கு இன்னொரு தடையும் உள்ளது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தாங்களே பயன்படுத்தும் செல்லிடப்பேசி வைத்திருக்கும் பெண்கள் 54 சதவீதம். கிராமங்களில் 47 சதவீதத்துக்கும் குறைவு. இது 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் கணக்கு. 12 வயதுச் சிறுமி தந்தையின் அல்லது அண்ணனின் செல்லிடப்பேசியைத்தான் கேட்க வேண்டும். எனவே, கருவி வீட்டுக்குப் போவதைவிட, பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் கைக்குப் போவதே முறை. ஒரே வகைக் கருவி, ஒரே அளவு பந்து, அளந்து சரிபார்த்த வளையம் என ஒன்றியத்துக்கு ஒரு பள்ளியில் ஏற்பாடு செய்வதற்குப் பெரும் செலவு ஆகாது. அனுப்பப்படும் படத்தில் இருப்பவர் யார், அவரது வயது என்ன என்பதற்கும் அந்த ஆசிரியரே சாட்சி.

எல்லைக்கோடுகள்: ஒசூரிலிருந்து பெங்களூரு 40 கி.மீ.; சென்னை 300 கி.மீ.க்கு மேல். ஆனால், ஒசூர் மாணவருக்கான தேர்வுப் பாதை தமிழகச் சங்கத்தின் வழியாகவே செல்கிறது. செயலிக்கு மாநில எல்லை தெரியாது. சங்கங்களுக்கு நன்றாகவே தெரியும். செயலியில் எவ்வளவு உயர்ந்த எண் பெற்றாலும், மாவட்ட, மாநில அணிகளில் இடம் தருவது சங்கங்களின் தேர்வுக் குழுக்களே.

அந்தச் சங்கங்களுக்கு மேலே உள்ள இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் தலைமைக்கான போட்டி 2023-இல் நீதிமன்றம் வரை சென்றதை அரசியல் கவனிப்போர் மறந்திருக்க மாட்டார்கள். அதுவரை தலைவராக இருந்த கே. கோவிந்தராஜ், கர்நாடக சட்ட மேலவையின் காங்கிரஸ் உறுப்பினர். முதல்வர் சித்தராமையாவின் அரசியல் செயலராக 2025 ஜூன் வரை இருந்தவர். அவருக்குப் பின் தலைமைக்கு வந்த ஆதவ் அர்ஜுனா, விடுதலைச் சிறுத்தைகள் கட்சியிலிருந்து விலகி 2025 ஜனவரியில் தமிழக வெற்றிக் கழகத்தில் சேர்ந்தவர். விளையாட்டு அமைப்புகளில் அரசியல்வாதிகள் இருப்பது புதிதல்ல. அதனால் நிதி வருவதும் உண்டு. தேர்வு எந்த அடிப்படையில் நடந்தது என்பது எழுத்தில் இருக்கிறதா என்பதே கேள்வி. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், தேசிய விளையாட்டு வாரியத்துக்கும் தீர்ப்பாயத்துக்கும் வழி செய்துள்ளது. செயலியின் எண் ஒரு வகையில் இங்குப் பயன்படும். உயர்ந்த எண் பெற்றவர் விடுபட்டால், ஏன் என்று கேட்பதற்குக் கையில் ஓர் ஆதாரம் இருக்கும். சங்கங்கள் இதை விரும்புமா என்பது வேறு விஷயம்.

கண்டுபிடித்த பின் என்ன நடக்க வேண்டும் என்பதற்கு சத்னம் சிங்கின் கதையே போதும். பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து விவசாயியின் மகன். 7 அடி 2 அங்குலம். அவரை அடையாளம் காணச் செயலி தேவைப்படவில்லை. லூதியானா கூடைப்பந்து அகாதெமியில் எஸ். சுப்பிரமணியன் என்ற பயிற்சியாளரிடம் பயின்றார். 2010-இல் 14 வயதில், உதவித்தொகை பெற்ற எட்டு இந்தியச் சிறுவர், சிறுமியரில் ஒருவராக அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள ஐ.எம்.ஜி. அகாதெமிக்குச் சென்றார். 2015-இல் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி அவரை 52-ஆவது இடத்தில் தேர்வு செய்தது. என்.பி.ஏ. தேர்வில் எடுக்கப்பட்ட முதல் இந்தியர் என்ற பெருமை கிடைத்தாலும், லீகின் முதன்மை ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை. அதன்பின் 2025 வரை வேறு இந்தியர் எவரும் அத்தேர்வில் எடுக்கப்படவில்லை.

அமெரிக்கக் கனவு ஒரு சிலருக்கு. மற்றவர்களின் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: வேலை கிடைக்குமா? ரயில்வே, வங்கி, காவல் துறை அணிகளின் விளையாட்டு ஒதுக்கீடுதான் பல தலைமுறைகளாக இந்தியக் கூடைப்பந்தைத் தாங்கி வந்துள்ளது. சென்னைக்கு இந்தியன் ஓவர்சீஸ் வங்கி அணிபோல பெங்களூருவுக்கு விஜயா வங்கி அணி இருந்தது. அவ்வங்கி 2019 ஏப்ரல் 1-ஆம் தேதி பரோடா வங்கியுடன் இணைக்கப்பட்டது. வங்கிகள் இணையும்போது கணக்குகள் மாற்றப்படுவது குறித்து விளக்கங்கள் வருகின்றன. விளையாட்டு ஒதுக்கீட்டு இடங்கள் குறித்து யாரும் பேசுவதில்லை.

கடைசியாக, அந்த எண்கள் யாருக்குச் சொந்தம்? ஹோம்கோர்ட்டை உருவாக்கிய நிறுவனம் 2023-இல் வீட்டுத் தொலைக்காட்சியுடன் இணைக்கும் விளையாட்டுக் கருவியை விற்கத் தொடங்கியது. வணிக நிறுவனம் தன் வழியை மாற்றிக்கொள்வது அதன் உரிமை. ஆனால், சிறுவர்களின் உடல் அளவுகளும் அசைவுப் படங்களும் அதனுடன் போகக் கூடாது. எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-இன்படி 18 வயதுக்கு உள்பட்டோரின் தரவைப் பெற, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் கட்டாயம், மீறினால் ரூ. 200 கோடி வரை அபராதம் விதிக்கலாம். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. அதாவது, 2027 மே மாதம் வரை. அதற்குள் எத்தனை லட்சம் சிறுவர்களின் அளவுகள் எந்தெந்தக் கணினிகளில் சேரும், அவர்களில் எத்தனை பேர் ஓர் ஆடுகளத்துக்கு அழைக்கப்பட்டார்கள் என்று நாடாளுமன்றத்தில் தமிழக, கர்நாடக உறுப்பினர்கள் கேட்கலாம். நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாகவே கேட்கலாம்.