குடிநோய்க்கும் மனநோய்க்கும் இரண்டு வாசல் எதற்கு?

மனநல உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 14416. போதையிலிருந்து மீள அழைக்க வேண்டிய எண் 14446. இரண்டுக்கும் ஓர் இலக்கம்தான் வித்தியாசம். ஆனால் முதலாவது மத்திய சுகாதார அமைச்சகத்தினுடையது, இரண்டாவது சமூகநீதி அமைச்சகத்தினுடையது. மாவட்ட மனநலத் திட்டம் ஓர் அமைச்சகத்தின் கீழ் நடக்கிறது. போதை மறுவாழ்வு மையங்களுக்கான நிதி இன்னோர் அமைச்சகத்திலிருந்து வருகிறது. தில்லியில் கோப்புகளைப் பிரித்து வைக்க இது வசதியாக இருக்கலாம். பேராவூரணியிலோ குடவாசலிலோ ஒரு வீட்டில், யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று இரவெல்லாம் தூங்காமல் புலம்பும் மகன், பகலில் டாஸ்மாக் திறக்கக் காத்திருக்கிறான் என்றால், அவனுடைய தாய் எந்த எண்ணை அழைப்பாள்? மறுவாழ்வு மையத்தில் கேட்டால், ‘புத்தி பேதலித்தவரை இங்கே வைத்துக்கொள்ள முடியாது, மனநல டாக்டரிடம் காட்டுங்கள்’ என்பார்கள். அங்கே போனால், ‘முதலில் குடியை நிறுத்திவிட்டு வரட்டும்’ என்று திருப்பி அனுப்பப்படுவதும் உண்டு. தனித்தனியே பார்த்தால் இரண்டு பதிலும் நியாயம்போலத் தோன்றும். சேர்த்துப் பார்த்தால், இரண்டு நோயும் உள்ளவருக்கு எங்குமே இடமில்லை. இரண்டையும் ஒரே மருத்துவக் குழு, முதல் நாளிலிருந்தே, சேர்த்துப் பார்க்க வேண்டும். காவிரி டெல்டாவில் அதற்கான இடமும் சட்டமும் ஏற்கெனவே இருக்கின்றன. இல்லாதது அந்த இடத்துக்கு நேராகப் போய்ச் சேரும் வழிதான்.

இரண்டும் ஒருவருக்கே இருப்பது அபூர்வம் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் ஐந்து ஊர்களில் சுமார் 20,000 பேரிடம் நடத்தி 1990இல் வெளியான ஆய்வு இதை அன்றே மறுத்தது. மதுச் சிக்கல் உள்ளவர்களில் 37 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் வேறொரு மனநோயும் இருந்தது. மனச்சிதைவு உள்ளவர்களில் 47 சதவீதம் பேருக்கு மது அல்லது போதைச் சிக்கல் இருந்தது. நம் நாட்டில் பெங்களூரு நிம்ஹான்ஸ், தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மதுச் சிக்கல் உள்ளவர்களில் 86 சதவீதம் பேரும், மனச்சோர்வு நோய் உள்ளவர்களில் 85 சதவீதம் பேரும் சிகிச்சையே பெறவில்லை என்று காட்டியது. 2019இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. ஒரு நோய் மட்டும் உள்ளவருக்கே கதி இதுவென்றால், இரு வாசலிலும் திருப்பி அனுப்பப்படுபவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

‘குடித்ததால் மனநோய் வந்ததா, மனநோயால் குடித்தாரா?’ என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. மருத்துவருக்கு அது தேவையான கேள்வி. ஆனால் அதற்கு விடை கிடைக்கும் வரை சிகிச்சையைத் தொடங்க மாட்டோம் என்பதில்தான் தவறு இருக்கிறது. தொடர்ந்து நிறையக் குடிப்பவருக்குக் குடியாலேயே ஆழ்ந்த சோர்வு, தூக்கமின்மை, சந்தேகம், காதில் குரல் கேட்பது எல்லாம் வரக்கூடும். குடி நின்றபின் இரண்டு முதல் நான்கு வாரங்களில் அந்தச் சோர்வு பெருமளவு விலகினால், மூலம் மது என்று கொள்ளலாம். ஒரு மாதம் கழித்தும் அப்படியே இருந்தால், அல்லது குடிக்கத் தொடங்கும் முன்போ, குடியில்லாத இடைவெளிகளிலோ இருந்திருந்தால், அது தனி நோய். அப்படியானால் அந்த ஒரு மாதத்தை யார் கண்காணிப்பது? வீட்டிலே வைத்துக் கணக்குப் பார்க்கக்கூடிய காரியமல்ல இது. கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரம் முதல் ஒரு நாளுக்குள் கை நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்கும். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை சிலருக்கு நாள், இடம், ஆள் தெரியாத குழப்பமும், இல்லாததைக் காணும் நிலையும் வரும். கவனிக்காமல் விட்டால் இது உயிரைப் பறிக்கும். நடுக்கத்தை அடக்கும் மருந்தும் தயாமின் ஊசியும் உரிய நேரத்தில் போட்டால் பெரும்பாலானோர் சில நாட்களில் தேறிவிடுவார்கள். ஆகவே, ‘நிறுத்திவிட்டு வாருங்கள்’ என்பது, சிகிச்சையின் மிக ஆபத்தான பகுதியை வீட்டிலேயே முடித்துக்கொண்டு வரச் சொல்வதற்குச் சமம்.

டெல்டாவில் இது ஏட்டுக் கவலை அல்ல. குடியை விடக் கோயிலில் கயிறு கட்டிக்கொள்வதும், கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டு அன்றோடு நிறுத்துவதும் இங்கே ஊருக்கு ஊர் உண்டு. பலருக்கு அது நல்ல தொடக்கமாகவே அமைகிறது. அந்த வைராக்கியத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் பல ஆண்டுகளாகக் காலையிலேயே குடித்துப் பழகியவர் ஒரே நாளில் நிறுத்தினால், மூன்றாம் நாள் அவர் பிதற்றுவதைத் தெய்வக் குற்றம் என்றோ, காத்து கருப்பு என்றோ குடும்பம் எடுத்துக்கொள்ளும். மாலை போடுமுன் ஒரு முறை மருத்துவரைப் பார்த்துவிடுவது விரதத்துக்கு எந்த விதத்திலும் குறைவல்ல. வழிபாட்டையும் மருந்தையும் எதிரெதிரே நிறுத்த வேண்டியதில்லை என்பதற்குக் காவிரிக் கரையிலேயே சாட்சி இருக்கிறது. திருச்சி மாவட்டத்துக் குணசீலம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் மனநோயாளிகளை 48 நாள் ஒரு மண்டலம் தங்க வைப்பது வழக்கம். கோயிலை ஒட்டிய மறுவாழ்வு மையத்தில் மனநல மருத்துவரும் வந்து பார்க்கிறார். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்ட பிறகு தமிழகம் கற்றுக்கொண்ட பாடங்களில், வழிபாட்டோடு மருந்தையும் சேர்ப்பது ஒன்று.

ஒன்றை மட்டும் பார்த்து மற்றதை விட்டால் சிகிச்சையே தீங்காக மாறுவதும் உண்டு. ‘குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றிலோ குழம்பிலோ கலந்து கொடுக்கலாம்’ என்ற விளம்பரங்களைப் பார்க்காதவர் இருக்க முடியாது. குடியை வெறுக்கச் செய்யும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரை, உரிய நபருக்கு, அவர் சம்மதத்தோடும் கண்காணிப்போடும் தரப்படும்போது பயனுள்ளதுதான். தெரியாமல் கொடுத்து, அவர் வெளியே போய்க் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதோடு, அது மூளையில் டோபமின் வேறொரு பொருளாக மாறுவதைத் தடுப்பதால், மனச்சிதைவு உள்ளவருக்கு நோயைக் கிளறிவிடக்கூடும். குரல் கேட்கிறது என்பதைக் கேட்டறியாமல் அந்த மாத்திரையை எழுதுபவரும், குடிப்பதைக் கேட்டறியாமல் தூக்க மாத்திரை எழுதுபவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். மறுபக்கம், மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் குடி தானாக நின்றுவிடும் என்பதும் நடக்காது. 2004இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த தொகுப்பாய்வு, அந்த மாத்திரைகள் சோர்வை ஓரளவு குறைக்கும், ஆனால் போதைக்கு நேரடியாகச் சிகிச்சை தராமல் அவை போதாது என்று முடிவு சொன்னது.

குடிநோய்க்கு ஊரே சேர்ந்து சிகிச்சை தரலாம் என்று இந்தியாவுக்குக் காட்டியதும் இந்த மண்தான். சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் நடத்திய முகாம் 1994இல் ‘அடிக்ஷன்’ என்ற சர்வதேச ஆய்விதழில் அந்த ஊர்ப் பெயரோடேயே பதிவானது. நோயாளி நகரத்துக்குப் போகவில்லை, சிகிச்சை ஊருக்கு வந்தது. அறுவடைக் கூலியை விட்டு மாதக்கணக்கில் வெளியூரில் தங்க முடியாத விவசாயத் தொழிலாளிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. எனினும், பலரைச் சேர்த்து வைத்துக் குழுவாகப் பேசும் முகாம், குரல் கேட்டு மிரண்டிருப்பவருக்கோ தற்கொலை எண்ணத்தில் இருப்பவருக்கோ ஏற்ற இடமல்ல. மஞ்சக்குடி வழியோடு ஒரு மனநல மருத்துவரின் கண்ணும் சேர வேண்டும். பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் 2010இல் தொடங்கிய ஏற்பாடு அதற்கு ஒரு வழி காட்டியது: ஊர் ஊராகப் போகும் பேருந்து, அதற்குள் திரை வழியே சென்னை மருத்துவருடன் ஆலோசனை, அங்கேயே இலவச மருந்து.

‘அவனாகத் தேடிக்கொண்டது, அவனுக்கு எதற்கு அரசு மருத்துவமனைப் படுக்கை?’ என்ற கோபம் உண்டு. அடிபட்ட மனைவியின் வாயிலிருந்து வரும்போது அந்தக் கோபத்துக்குப் பதில் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் கொள்கையாக அது நிற்காது. 2016 வறட்சியிலும் 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்தபோதும் மனமொடிந்தவர்கள் எல்லோரும் குடிக்கவில்லை. குடித்தவர்கள் எல்லோரும் நோயாளியாகவில்லை. யாருக்குப் பழக்கம் நோயாகிறது என்பதை மரபணு, சிறுவயதுத் துயரம், ஏற்கெனவே உள்ள மனநோய் எல்லாம் தீர்மானிக்கின்றன. சிகிச்சை மறுக்கப்பட்டால் செலவைச் சுமப்பதும் அதே மனைவிதான்.

‘டாஸ்மாக்கை மூடினால் எல்லாம் சரியாகும்’ என்பது இரண்டாவது வாதம். 2003 முதல் அரசே சில்லறையில் மது விற்கும் மாநிலத்தில் இந்தக் கோரிக்கையின் நியாயத்தை யாரும் தள்ள முடியாது. கடை குறைந்தால் புதிதாகக் குடிப்பவர் குறைவார்கள் என்றே நானும் நம்புகிறேன். ஏற்கெனவே நோயாளியாகிவிட்டவருக்கு அது சிகிச்சை ஆகாது. 2020 மார்ச் ஊரடங்கில் கடைகள் திடீரென மூடப்பட்டபோது, குடி நின்ற பின் வரும் கடுமையான சிக்கல்களோடு பெங்களூரு மருத்துவமனைகளுக்கு வந்தவர்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 பேர் என்பதிலிருந்து 8 ஆனார்கள். கடையை மூடுமுன் மருத்துவமனை வாசல் திறந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, மருத்துவ உலகிலிருந்தே வரும் ஆட்சேபம், நேர்மையானது. கடும் மனநோயும் போதையும் சேர்ந்தவர்களுக்கான உளவியல் சிகிச்சைகளை ஒப்பிட்ட காக்ரேன் தொகுப்பாய்வு, ஒரு முறை மற்றதைவிட மேல் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்கிறது. உண்மைதான். ஆனால் எந்தப் பேச்சு முறை சிறந்தது என்பதல்ல இங்கே கேள்வி. நோயாளி இரண்டு கட்டடங்களுக்கு அலையாமல் இருக்க வேண்டும், ஒருவர் எழுதும் மருந்து இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இவற்றை அந்தத் தொகுப்பாய்வு மறுக்கவில்லை. ஆள் பற்றாக்குறை என்பதற்கும் ஓரளவு விடை உண்டு. மருத்துவப் படிப்பில்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சில அமர்வுகள் பேசியதால் தீங்கான குடியிலிருந்து விடுபட்டவர்கள் 36 சதவீதம். வழக்கமான கவனிப்பில் 26 சதவீதம். 2017இல் லான்செட் இதழில் வந்த முடிவு இது. முற்றிய குடிநோயாளிகளை அந்த ஆய்வு சேர்க்கவில்லை. அவர்களுக்கு மருத்துவர் வேண்டும். மற்றவர்களை ஆலோசகர் பார்த்தால் மருத்துவருக்கு அதற்கான நேரம் கிடைக்கும்.

அப்படியானால் குடும்பம் எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு. மனநல மருத்துவம் படித்தவர் இரண்டுக்கும் பயிற்சி பெற்றவர். ரத்தப் பரிசோதனையும் கல்லீரல் பார்ப்பவரும் அதே வளாகத்தில். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இதற்கு முதல் இடம். திருவாரூரில் 2010 முதலும், நாகப்பட்டினத்தில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2020இல் தனி மாவட்டமான மயிலாடுதுறையில் இன்னும் இல்லை. அங்கே மாவட்டத் தலைமை மருத்துவமனையும் மாவட்ட மனநலத் திட்டக் குழுவும்தான் துணை. தமிழக அரசு ‘கலங்கரை’ என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களைத் தொடங்கியிருப்பது சரியான திசை. வலிப்பு, ஆள் தெரியாத குழப்பம், தற்கொலைப் பேச்சு இவற்றில் எதைக் கண்டாலும் புறநோயாளிச் சீட்டுக்குக் காத்திருக்காமல் 108இல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தற்கொலைப் பேச்சு எழுந்த வீட்டில் பூச்சிமருந்து டப்பாவை அன்றே வேறிடத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை பல: கடைசியாகக் குடித்த நேரம், கஞ்சாவோ வலி மாத்திரையோ பழகியது, முன்பு வலிப்பு வந்தது, குடிக்காத மாதங்களில் மனநிலை எப்படி இருந்தது, குடும்பத்தில் வேறு யாருக்கும் மனநோய் உண்டா என்பது. பெண்கள் குடிப்பதையோ தூக்க மாத்திரைக்குப் பழகியதையோ வெட்கத்தால் சொல்லாமல் விடுவது அதிகம்; அவர்களைத் தனியே விசாரிப்பது மருத்துவரின் கடமை.

தனியார் மையத்தில் சேர்ப்பதானால், பணம் கட்டுமுன் விசாரியுங்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு உண்டா, மனநல மருத்துவர் எந்த நாளில் வருகிறார், குடும்பம் எப்போது பார்க்கலாம், முதல் மூன்று நாட்கள் இரவில் யார் பொறுப்பு என்பதற்கெல்லாம் நேரான பதில் வர வேண்டும். 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதையாலும் வரும் மனநிலைக் கோளாறுகளை மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. அமைச்சகங்கள் பிரித்து வைத்ததைச் சட்டம் சேர்த்துவிட்டது. சங்கிலியில் கட்டுவது குற்றம். உடல்நோய்க்குத் தரும் காப்பீட்டை மனநோய்க்கும் தர வேண்டும் என்பதும் அதில் உண்டு. குடிப்பவர் என்பதற்காக மனநலச் சிகிச்சையை மறுக்க அந்தச் சட்டம் யாருக்கும் இடம் தரவில்லை.

மீதமிருப்பது வீட்டுக்குத் திரும்பிய பிறகான காலம். மீண்டும் குடிப்பதற்கும் தற்கொலைக்கும் அபாயம் மிகுந்தவை வெளியேறிய முதல் சில வாரங்கள்தான். நடவு நேரமென்றால் கூலியை விட்டு மருந்து வாங்கத் தஞ்சைக்குப் பேருந்தேற யாரும் மாட்டார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது; மனநல மாத்திரையையும் அதே பையில் டெல்டாவின் ஒவ்வொரு ஊருக்கும் அனுப்பலாம். வெளியேறும் சீட்டில் இரண்டு நோயின் பெயரும், இரண்டுக்குமான மருந்தும், அடுத்து வர வேண்டிய தேதியும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை எந்த மருத்துவர் இருந்தாலும் அந்தச் சீட்டைப் பார்த்தே தொடர முடியும்.