சிறார் இல்லத்திலிருந்து விடுவிப்பது யார் கையில்?

திருவாலங்காட்டிலோ கும்மிடிப்பூண்டியிலோ 16 வயதுப் பையன் ஒருவன் திருட்டு வழக்கில் பிடிபட்டால் வீட்டார் முதலில் ஓடுவது காவல் நிலையத்துக்கு. அடுத்து ஊரில் செல்வாக்குள்ளவர் யாரென்று தேடுவார்கள். பையனை எப்போது விடுவார்கள், யாரைப் பார்த்தால் விடுவார்கள் என்பதே அவர்கள் கவலை. இதற்குச் சட்டத்தில் தெளிவான விடை இருக்கிறது. அது தெரியாததால்தான் பல வீடுகளில் பணமும் நாட்களும் வீணாகின்றன.

யார் முடிவெடுக்கிறார்கள்?

2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி மாவட்டந்தோறும் இளைஞர் நீதிக் குழுமம் இருக்க வேண்டும். அதில் ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண். 18 வயது நிரம்பாதவரைக் காவல் நிலைய லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும்.

பிணை என்பது சிறாருக்குச் சலுகை அல்ல, விதி. நிலையப் பொறுப்பதிகாரியே பிணையில் விடலாம். அவர் விடாவிட்டால் முடிவு குழுமத்துடையது. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து வரும், நீதி கெடும் என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டுமே பிணை மறுக்கலாம். அந்தக் காரணத்தையும் எழுதி வைக்க வேண்டும். பிணை கிடைத்தும் நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் 7 நாட்கள் கடந்தால், நிபந்தனையைத் தளர்த்துவதற்காகப் பையனை மீண்டும் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஜாமீன்தாரர் கிடைக்காத தினக்கூலிக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய பிரிவு இது.

குற்றம் உறுதியானால்?

குழுமம் அறிவுரை சொல்லி அனுப்பலாம், சமூகப் பணி செய்யச் சொல்லலாம், நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம். சிறப்பு இல்லத்துக்கு அனுப்பினாலும் 3 ஆண்டுகளுக்கு மேல் போகாது. அந்தக் காலம் முடியும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. நன்னடத்தை அலுவலரோ சமூகப் பணியாளரோ அறிக்கை கொடுத்தால், 97-ஆம் பிரிவின்படி குழுமம் முன்கூட்டியே பெற்றோரிடம் ஒப்படைக்கலாம். நிபந்தனையை மீறினால் திரும்ப அழைத்துக்கொள்ளலாம்.

2015 டிசம்பரில் மாறியது என்ன?

2012 டெல்லி பாலியல் வன்கொடுமை வழக்கில் சிறாராக இருந்தவர், 3 ஆண்டுகள் முடிந்து 2015 டிசம்பர் 20 அன்று விடுவிக்கப்பட்டார். திருந்தினாரா என்று பார்க்காமல் விடுவதா என நாடே கொதித்தது. அப்போதைய சட்டத்தில் இடமில்லாததால் விடுதலையைத் தடுக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. டிசம்பர் 22 அன்று மாநிலங்களவை மேலே சொன்ன புதிய சட்டத்தை நிறைவேற்றியது.

அதன்படி, கொடுங்குற்றம் செய்த 16 முதல் 18 வயதினரைக் குழுமம் மதிப்பிட்டு, குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அங்கே தண்டனை பெற்றவர் 21 வயது வரை பாதுகாப்பு இடத்தில் இருப்பார். 21 நிரம்பியும் தண்டனை மீதமிருந்தால், அவர் திருந்தியிருக்கிறாரா என்று நீதிமன்றம் மதிப்பிடும். திருந்தியிருந்தால் கண்காணிப்போடு விடுதலை, இல்லையென்றால் சிறை. விடுதலையே இல்லாத ஆயுள் தண்டனையும் மரண தண்டனையும் சிறாருக்குக் கிடையாது.

விடுவிக்கும் அதிகாரம் யாரிடம் இருப்பது நல்லது?

இல்ல நிர்வாகத்திடமே விட்டுவிடலாமே என்று சிலர் சொல்கிறார்கள். 2022 டிசம்பர் இறுதியில் செங்கல்பட்டு அரசு சிறார் இல்லத்தில் நடந்ததை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். பேட்டரி திருட்டு வழக்கில் அங்கே அனுப்பப்பட்ட 17 வயதுப் பையன் ஓரிரு நாளில் உயிரிழந்தான். அவனை அடித்ததாகக் கண்காணிப்பாளர் உட்பட 6 ஊழியர்கள் கைதானார்கள். பூட்டுச் சாவி வைத்திருப்பவரிடமே விடுதலை அதிகாரத்தையும் கொடுத்தால் உள்ளே நடப்பது வெளியே வராது. அடிபட்டவன் வாய் திறக்கவும் பயப்படுவான்.

ஊர்க் கோபத்திடமும் விட முடியாது. திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூரில் நீலி கதை தெரியாதவர் இல்லை. வணிகன் ஒருவனைப் பழிவாங்க அவன் மனைவிபோல் வந்த பேய் நீலி. அவள் இடுப்பிலிருந்த குழந்தை அவனை ‘அப்பா’ என்று கூப்பிட்டதைக் கேட்டதும் ஊரின் 70 வேளாளர்களும் நீலியை நம்பி வணிகன் உயிருக்குப் பிணை நின்றார்கள். விடிந்தபோது அவன் பிணமாகக் கிடந்தான். கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். அவர்கள் நேர்மையில் குறையில்லை. தீர விசாரிக்காததுதான் குறை.

ஆகவே இந்த அதிகாரம் குழுமத்திடமே இருப்பதுதான் சரி. சட்டம் தெரிந்த ஒருவரும் பிள்ளைகளைத் தெரிந்த இருவரும் சேர்ந்து முடிவெடுக்கிறார்கள். முடிவு தவறென்றால் மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. ஸ்காட்லாந்தில் 1971 முதல் பெரும்பாலான சிறார் வழக்குகளை, பயிற்சி பெற்ற சாதாரண மக்கள் மூவர் அமர்ந்தே கேட்கிறார்கள்.

குறை எங்கே?

குழுமத்தின் கண்ணும் காதும் நன்னடத்தை அலுவலர்தான். பையனின் வீடு, பள்ளி, சேர்க்கை எல்லாவற்றையும் விசாரித்து இரண்டு வாரத்தில் அவர் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். வீட்டுக்கே போகாமல் மேசையில் எழுதிய அறிக்கையை வைத்து நல்ல முடிவு எடுக்க முடியாது. செங்கல்பட்டில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கத் திருவாலங்காட்டிலிருந்து அரக்கோணம் போய், ரயில் மாறி, காஞ்சிபுரம் வழியாகப் போக வேண்டும். ஒருநாள் கூலி போய்விடும். அதனால் வர முடியாத தாயை, பிள்ளைமேல் அக்கறையில்லாதவள் என்று அறிக்கையில் எழுதிவிட்டால் அது அநியாயம்.

மாவட்டத்துக்குப் போதிய நன்னடத்தை அலுவலர்களை அரசு நியமிக்க வேண்டும். விடுதலை பற்றிய ஒவ்வொரு முடிவுக்கு முன்பும் குழும உறுப்பினர்கள் பையனிடம் தனியே பேச வேண்டும். பெற்றோர் செய்ய வேண்டியதும் உண்டு. இடைத்தரகரிடம் பணம் கொடுக்காதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சிறாருக்கு வழக்கறிஞர் இலவசம். குழந்தைகள் உதவி எண் 1098.