மூன்று நாளுக்கு ஒரு பை, இருபது வருடத்துக்கு ஒரு உறை

ஏதாவது இடர் வந்தால் முதல் 72 மணித்தியாலத்தை வெளியுதவி இல்லாமல் சமாளிக்கும் அளவுக்குத் தண்ணீர், சாப்பாடு, மருந்து வைத்திருங்கள் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2025 மார்ச்சில் தன் மக்களிடம் கேட்டுக்கொண்டது. சுவீடன் அரசு 2024இல் இதற்கென்றே ஒரு கைநூல் அச்சிட்டு வீடு வீடாக அனுப்பியது. யப்பானில் 1923ஆம் ஆண்டுப் பெரு நிலநடுக்கத்தின் நினைவாக ஒவ்வொரு செப்டெம்பர் முதலாம் திகதியும் ஒத்திகை நடக்கிறது. உலகம் பெரும்பாலும் சொல்லும் கணக்கு மூன்று நாள். தெல்லிப்பழையில் பிறந்தவளைக் கேட்டால், அது பாதிக் கணக்கு.

1990 யூனில் போர் மறுபடி தொடங்கி, பலாலி இராணுவ முகாம் பக்கமிருந்து ஷெல் வரத் தொடங்கியபோது, எங்கள் வலிகாமம் வடக்குச் சனமும் அந்தக் கணக்கோடுதான் வெளிக்கிட்டது. "ரெண்டு மூண்டு நாளைக்குத்தானே பிள்ளை, ஒரு மாத்து உடுப்புக் காணும்" என்றார் ஐயா. மாட்டை அவிழ்த்துவிட்டு, படலையைக் கொழுவிவிட்டு நடந்தோம். பிறகு அந்த மண்ணில் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. மயிலிட்டித் துறைமுகம் மக்கள் கைக்குத் திரும்பவும் வந்தது 2017 யூலையில். இருபத்தேழு வருடம்! ஒரு மாத்து உடுப்போடு போனவர்கள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஆகவே எங்கள் வீட்டுப் பையில் இரண்டு பகுதி. ஒன்று மூன்று நாளுக்கானது. மற்றது இருபது வருடத்துக்கானது. முதலாவது இல்லாவிட்டால் கஷ்டப்படுவோம். ஆனால் யாராவது தருவார்கள். இரண்டாவது இல்லாவிட்டால் யாராலும் தரமுடியாது.

இருபது வருடப் பகுதி

இது ஒரு பிளாஸ்ரிக் உறை மட்டுந்தான். உள்ளே காணி உறுதி, பிறப்பு, விவாக, மரண அத்தாட்சிப் பத்திரங்கள், அடையாள அட்டைப் பிரதிகள், பிள்ளைகளின் பரீட்சைச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், ஓய்வூதியக் கடிதம், கிளினிக் கொப்பியின் பிரதி.

இவற்றுள் உறுதிக்குத்தான் முதலிடம். காணி விடுவிக்கப்பட்டுப் போய்ப் பார்த்தபோது பல இடங்களில் வீடும் இல்லை, வேலியும் இல்லை, ஒழுங்கையும் இல்லை. பற்றைக்குள் நின்றுகொண்டு கிணற்றை வைத்துத்தான் "இதுதான் எங்கட வளவு" என்று அடையாளம் கண்டார்கள். பிரதேச செயலகத்தில் பதியப் போனால் கேட்டது உறுதியை. அதைக் கொண்டு போனவர்கள் மேசையில் வைத்தார்கள். கொண்டுபோகாதவர்கள் காணிப் பதிவகத்துக்கு அலைந்தார்கள்.

உறுதி தொலைந்தாலும் வழி உண்டு. நொத்தாரிசு உறுதி எழுதினால் அதன் இணைப்பிரதி ஒன்று காணிப் பதிவகத்துக்குப் போகும். அங்கே தேடி எடுக்கலாம். ஆனால் தேடுவதற்கு உறுதி இலக்கம், எழுதிய திகதி, நொத்தாரிசின் பெயர் வேண்டும். இந்த மூன்றையும் ஒரு சின்னக் கடதாசியில் எழுதி வீட்டில் இரண்டு பேரிடமாவது கொடுத்து வையுங்கள். நான்கு எல்லையிலும் உள்ள காணிக்காரரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

இன்றைக்கு எல்லார் கையிலும் கமரா இருக்கிறது. வீட்டின் நான்கு பக்கம், கிணறு, வேலி, எல்லைக்கல், பெரிய மரங்கள், இவற்றைப் படம் எடுங்கள். உறையில் உள்ள எல்லாப் பத்திரத்தையும் அப்படியே எடுத்து வெளிநாட்டிலுள்ள சொந்தக்காரர் ஒருவருக்கு அனுப்புங்கள். கனடாவில் இருக்கும் என் தங்கச்சிதான் எங்கள் இரண்டாவது அலுமாரி. பழைய கலியாணப் படங்களையும் மறக்கவேண்டாம். எங்கள் அம்மம்மாவின் முகம் என் பேத்திக்குத் தெரியாது. இருந்த ஒரேயொரு படம் சுவரிலேயே தொங்கி நின்றுவிட்டது.

மூன்று நாள் பகுதி

இப்போது எங்களை எழுப்புவது ஷெல் இல்லை, மழை. 2008 நவம்பரில் நிஷா புயலின்போது யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 390 மில்லிமீற்றர் கொட்டியது. 2020 டிசம்பரில் புரெவி வந்தது, 2024 நவம்பரில் பெங்கல். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா மலையகத்தைச் சரித்து, நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் பலியெடுத்தது.

சூட்கேஸ் வேண்டாம். பேரனின் பழைய பள்ளிக்கூடப் பையைத்தான் எடுத்திருக்கிறோம். முதுகில் போட்டால் இரண்டு கையும் சும்மா இருக்கும். ஒரு கையில் பிள்ளையையும் மறுகையில் கிழவரையும் பிடிக்கலாம். சைக்கிள் கரியரிலும் கட்டலாம்.

தண்ணீரில்தான் கணக்குப் பிழைக்கும். ஓர் ஆளுக்கு நாளுக்கு மூன்று லீற்றர் என்றால் நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 36 லீற்றர், அதாவது 36 கிலோ. அதைச் சுமக்க ஏலாது. ஆளுக்கொரு ஒன்றரை லீற்றர் போத்தல் பையோடு போகட்டும். மிச்சத்தைக் கான்களில் நிரப்பி வீட்டில் உயரமான இடத்தில் வையுங்கள். போகவேண்டி வராமல் வீட்டிலேயே அடைபட்டால் அது கைகொடுக்கும். வெள்ளம் கலந்த கிணற்றுத் தண்ணீரை, பொது சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரின் போட்டுச் சரியென்று சொல்லும்வரை குடிக்கவேண்டாம்.

சமைக்காமல் தின்னக்கூடியதே சாப்பாடு. பிஸ்கற், பேரீச்சம்பழம், பனங்கட்டி, புழுக்கொடியல், வறுத்த மா. புழுக்கொடியல் மாதக்கணக்கில் கெடாது. பல்லில்லாதவர்களுக்கு மட்டும் வேறு பார்க்கவேண்டும்.

பிறகு ரோச் லைற், மாற்று பற்றரி, பவர் பாங், நெருப்புப்பெட்டி, விசில், ஒரு சாரம், ஒரு துவாய், பெண்பிள்ளைகளுக்கான சனிற்றரி பாட், ஜீவனிப் பைக்கற், சில்லறைக் காசு. மின்சாரம் இல்லாவிட்டால் வங்கி மெசின் காசு தராது. ஐயாயிரம் ரூபாத் தாளை மாற்றவும் ஆளிராது.

மூடிய சப்பாத்தும் வேண்டும். 2024 டிசம்பரில் வெள்ளம் வடிந்த பிறகு எலிக்காய்ச்சல் யாழ்ப்பாணத்தில் உயிர்களைக் கொண்டுபோனது. காலில் காயத்தோடு வெள்ளத்தில் இறங்குவது அந்தக் கிருமிக்கு வாசல் திறந்துவிடுவது. வெள்ளத்தில் நடந்தவருக்குக் காய்ச்சல் வந்தால் பனடோலோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

பிறஷர், சீனி வருத்தக்காரரின் மருந்து ஒரு கிழமைக்கு இருக்கட்டும். இன்சுலின் போடுகிறவர் வீட்டில் ஒரு சின்ன மண்பானையும் ஈரமணலும் வைத்திருந்தால், ஐஸ்பெட்டி நின்றாலும் மருந்தைக் குளிர்மையாக வைக்கலாம். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்கு வடக்கின் பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அப்படிச் சிகிச்சையில் இருப்பவர்கள் கிளினிக் கொப்பியின் பிரதியில்லாமல் வீட்டுப்படி இறங்கக்கூடாது. அடுத்த மருந்து எது, எப்போது என்பது அதில்தான் இருக்கிறது.

பைக்கு முன் பேச்சு

1995 ஒக்டோபர் 30இல், போரின் நடுவே, வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தது. நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் நாவற்குழிப் பாலத்தையும் கோப்பாய் – கைதடி வீதியையும் நம்பிப் புறப்பட்டார்கள். மழையும் பெய்தது. அந்த இரவில் பை தொலைந்ததைப் பற்றி யாரும் இப்போது பேசுவதில்லை. கைவிட்டுப்போன பிள்ளையைத் தேடியதையும், பெற்றதாயைத் தவறவிட்டதையும்தான் பேசுகிறார்கள்.

அதனால் எங்கள் வீட்டில் இவை பேசி முடிந்த விஷயங்கள். யார் யாரைப் பிடிப்பது: மருமகள் சின்னவனை, மகன் என்னை, மூத்தவள் பையை. பிரிந்தால் எங்கே கூடுவது: முதலில் துர்க்கையம்மன் கோயில் முன்றில், அங்கே போகமுடியாவிட்டால் சாவகச்சேரியிலுள்ள மாமி வீடு. யாருக்குச் சொல்வது: எல்லாரும் தங்கச்சிக்கு ஒரு குறுஞ்செய்தி. உள்ளூர் லைன்கள் நெருக்கடியில் கிடக்கும்போது தூரத்திலுள்ள ஒருவர் எல்லாரையும் இணைக்கலாம். அந்த இலக்கமும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்சுக்கு 1990, கிராம சேவையாளரின் இலக்கம் ஆகியவையும் ஒரு மட்டையில் எழுதிப் பைக்குள் இருக்கின்றன. போன் செத்தாலும் மட்டை சாகாது.

"நான் இஞ்சையே கிடக்கிறன், நீங்கள் போங்கோ" என்று சொல்லும் வயதானவர் பல வீட்டிலும் உண்டு. அந்த வழக்கை வெள்ளம் முற்றத்துக்கு வந்தபிறகு பேசமுடியாது. வெயில் காலத்திலேயே பேசி முடியுங்கள். நடக்கமுடியாதவரை எதில் ஏற்றுவது, யாருடைய ஓட்டோ என்றும் பேசிவையுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன் வருடத்துக்கு ஒருதரம் பையைக் கொட்டிப் பாருங்கள். மருந்தின் திகதி முடிந்திருக்கும், பற்றரி இறங்கியிருக்கும், பிள்ளையின் சப்பாத்து அளவு மாறியிருக்கும்.

கடைசியாக, எப்போது வெளிக்கிடுவது என்பதையும் முன்கூட்டியே தீர்மானியுங்கள். எங்கள் வீட்டுச் சட்டம் எளிது: வளிமண்டலவியல் திணைக்களம் சிவப்பு எச்சரிக்கை விட்டாலோ, ஒழுங்கைத் தண்ணீர் படலையைத் தொட்டாலோ போகிறோம். வாக்கெடுப்பு இல்லை. ஒரு மழையில் அப்படிப் போய், விடியத் திரும்பி வந்தால் வீடு காய்ந்துதான் கிடந்தது. "என்ன ரீச்சர், சுற்றுலாவோ?" என்று அயலட்டை சிரித்தது. சிரிக்கட்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே பாலத்துக்கு ஓடினால் என்ன நடக்கும் என்று பார்த்தவள் நான். அடுத்தமுறையும் நாங்கள்தான் முதலில் போவோம்.