அலாஸ்காவுக்கு எந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறுவது?



நமது மாதக் கூட்டங்களில் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஜி.எஸ்.டி. கணக்கு, தராசு முத்திரை, லாரி வாடகை பற்றியவையாகவே இருக்கும். ஆனால் சென்ற கூட்டம் முடிந்து காபி சாப்பிடும்போது, ராயகிரியில் 30 ஆண்டுகளுக்கு மேலாக மளிகைக் கடை நடத்தி வரும் உறுப்பினர் ஒருவர் புதிதாக ஒரு கேள்வி கேட்டார். "அலாஸ்காவுக்குக் கப்பல் ஏற சியாட்டில் நல்லதா, வான்கூவர் நல்லதா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. அவருடைய மகன் அமெரிக்காவில் சியாட்டில் நகரில் வேலை பார்க்கிறார். கடையே கதி என்று இருந்த தாய் தந்தையரை ஒரு வாரம் கப்பலில் அழைத்துப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. சியாட்டிலில் புறப்படும் கப்பலுக்கு டிக்கெட் குறைவு. கனடாவில் உள்ள வான்கூவரில் புறப்படும் கப்பலுக்குச் சற்று அதிகம். இரண்டு நாளில் முடிவு சொன்னால் முன்பணம் கட்டிவிடுவதாக மகன் சொல்லியிருக்கிறார். நான்கு பேருக்குச் சில லட்சம் ரூபாய் ஆகும் காரியம்.

நம் பகுதியில் பிள்ளைகளை வெளிநாட்டில் வைத்திருக்கும் வியாபாரிகள் இன்று பலர். ஆகவே நாம் விசாரித்து அறிந்ததை எல்லோருக்கும் பயன்படும்படி இங்கே தருகிறோம்.

அப்படி என்ன இருக்கிறது அங்கே?

வட அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருப்பது அலாஸ்கா. 1867ஆம் ஆண்டில் ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு அமெரிக்கா வாங்கிய பூமி. ஏக்கர் கணக்குப் பார்த்தால் 2 சென்ட் அளவுக்குத்தான் வருகிறது. வீண் செலவு என்று அன்று பலர் கேலி செய்தார்கள். பின்னாளில் தங்கமும் எண்ணெயும் கிடைத்தபோது கேலி அடங்கியது.

மலைகளும், கடலுக்குள் வந்து இறங்கும் பனியாறுகளும், திமிங்கிலங்களும்தான் இந்தப் பயணத்தின் காட்சிகள். தலைநகரான ஜூனோவுக்கு வெளியூரிலிருந்து சாலையே கிடையாது. கப்பலிலோ விமானத்திலோதான் போக வேண்டும். கிளேசியர் பே என்னும் தேசியப் பூங்காவுக்குள் நாளொன்றுக்கு இரண்டு பெரிய உல்லாசக் கப்பல்களுக்கு மட்டுமே அனுமதி. 1794ல் அந்த வளைகுடாவைப் பனி கிட்டத்தட்ட முழுவதுமாக அடைத்திருந்தது. இன்று பனி சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே பின்வாங்கிவிட்டது.

கப்பல்கள் ஓடும் பருவம் ஏப்ரல் கடைசி முதல் அக்டோபர் வரை. பெரும்பாலானவை ஒரு வாரப் பயணங்கள்.

மூன்று புறப்பாடுகள்

முதலாவது சியாட்டில். அங்கேயே ஏறி அங்கேயே வந்து இறங்கலாம். மகன் வீடு அதே ஊரில் என்றால் ஓட்டல் செலவு இல்லை. காரிலேயே துறைமுகத்துக்குப் போய்விடலாம். ஆனால் இங்கிருந்து புறப்படும் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே, பசிபிக் பெருங்கடலில் திறந்த வெளியாகவே வடக்கே செல்கின்றன. அலை இருக்கும், முதல் நாள் பார்ப்பதற்குக் கடலைத் தவிர வேறொன்றும் அதிகமில்லை.

இரண்டாவது வான்கூவர். கனடா பிளேஸ் என்னும் துறைமுகம் நகரின் நடுவிலேயே இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து மின்சார ரயிலில் 25 நிமிடத்தில் அருகில் வந்து இறங்கலாம். இங்கிருந்து புறப்படும் கப்பல் 'இன்சைடு பாஸேஜ்' என்னும் உள்வழியில் செல்கிறது. ஒரு பக்கம் தீவு, மறுபக்கம் பெருநிலம். இடையில் ஆறு போன்ற கடல். புறப்பட்ட மாலையிலேயே காட்சி தொடங்கிவிடும். தீவு மறைவாக நிற்பதால் அலையும் குறைவு. நமது தூத்துக்குடிக்கு இலங்கை மறைவாக இருப்பதை நினைத்துக்கொண்டால் விளங்கும். இதிலும் இடையிடையே சில மணி நேரம் திறந்த கடல் உண்டு என்பதை மறைக்காமல் சொல்கிறோம்.

மூன்றாவது, வான்கூவரில் ஏறி அலாஸ்காவில் உள்ள சூவர்டு அல்லது விட்டியர் துறைமுகத்தில் இறங்கும் ஒருவழிப் பயணம். கப்பல் இன்னும் வடக்கே போவதால் பனியாறுகள் கூடுதலாகக் காணக் கிடைக்கும். அங்கிருந்து ரயிலில் உள்ளே சென்று 6,190 மீட்டர் உயரமுள்ள தெனாலி மலையையும் பார்த்து வரலாம். ஆனால் திரும்புவதற்கு ஆங்கரேஜ் நகரிலிருந்து தனியாக விமான டிக்கெட் எடுக்க வேண்டும். ஒருவழி டிக்கெட் மலிவாகத் தெரிந்தாலும் மொத்தச் செலவு மலிவாக இருக்காது.

1886ஆம் ஆண்டுச் சட்டம்

இனிமேல் சொல்வதைத்தான் உறுப்பினர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1886ல் ஒரு சட்டம் போட்டார்கள். வெளிநாட்டுக் கொடியுடன் ஓடும் கப்பல், ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் பயணிகளை ஏற்றி, வேறெந்த நாட்டையும் தொடாமல், அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே ஓடி இறக்கக் கூடாது. சொந்த நாட்டுக் கப்பல் தொழிலைக் காப்பதற்கான ஏற்பாடு இது. பெரிய உல்லாசக் கப்பல்கள் அனேகமாக எல்லாமே வெளிநாட்டுக் கொடியில் ஓடுபவை. ஆகவே சியாட்டிலில் புறப்படும் கப்பலும் வழியில் ஒரு கனடா துறைமுகத்தைத் தொட்டே ஆக வேண்டும். பெரும்பாலும் விக்டோரியா என்னும் ஊரில் சில மணி நேரம் நிற்கும். கொரோனா காலத்தில் கனடா தன் துறைமுகங்களை மூடியபோது, 2021 மே மாதத்தில் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றித்தான் அந்தப் பருவத்துக்கு விலக்கு அளித்தார்கள்.

இதன் விளைவு நம்மைத் தொடுகிறது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு கனடா விசா தேவை. விக்டோரியாவில் கரையில் இறங்காமல் கப்பலிலேயே உட்கார்ந்திருப்பவருக்கும் தேவை. அமெரிக்க விசாவும் பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். ஆக, எந்தத் துறைமுகத்தில் ஏறினாலும் இரண்டு விசா. ஒன்று குறைந்தாலும் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். கட்டிய பணமும் பெரும்பாலும் திரும்பாது.

அண்ணாச்சியிடம் கேட்டோம். அவர்கள் இருவருக்கும் அமெரிக்க விசா கையில் இருந்தது. கனடா விசாவுக்கு மனுவே போடவில்லை! மகனுக்கும் மருமகளுக்கும் அமெரிக்காவின் நிரந்தரக் குடியிருப்பு அட்டை, அதாவது கிரீன் கார்டு இருக்கிறது. அந்த அட்டை உள்ளவர்களுக்கு கனடா விசா தேவையில்லை. தமக்குத் தேவைப்படாததால் பெற்றோருக்கும் தேவைப்படாது என்று பிள்ளைகள் இருந்துவிட்டார்கள். படித்த பிள்ளைகளுக்கும் இது நேரும். கூட்டத்தில் அந்தக் கேள்வி எழாமல் போயிருந்தால் இரண்டு பேரும் துறைமுக வாசலிலேயே நின்றிருப்பார்கள்.

கனடா விசாவுக்கு விரல் ரேகை கொடுக்க வேண்டும். சென்னை போன்ற ஊர்களில் உள்ள மையத்துக்கு நேரில் போக வேண்டும். முடிவு வர வாரக்கணக்கில் ஆகலாம். விசா கைக்கு வந்த பிறகு முழுப் பணத்தையும் கட்டுவதே புத்திசாலித்தனம்.

அடக்க விலை போட்டுப் பாருங்கள்

கட்டணத்தைக் குறைத்துக் காட்டி ஆள் சேர்ப்பது கப்பல் தொழிலில் பழைய வழக்கம். வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டபோது, எதிரே இருந்த ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தை வெகுவாகக் குறைத்துத்தான் போட்டியிட்டது.

விருதுநகரில் பருப்பு மூட்டை மலிவு என்று கேட்டவுடன் நாம் லாரியை அனுப்புவதில்லை. ஏற்றுக்கூலி, வாடகை, இறக்குக்கூலி, தரகு எல்லாம் சேர்த்து நம் கடை வாசலில் என்ன அடக்கம் என்று பார்த்த பிறகே பேசுகிறோம். கப்பலுக்கும் அதே கணக்குத்தான். டிக்கெட்டோடு இவற்றையும் சேர்க்க வேண்டும்: விமானக் கட்டணம், சியாட்டிலிலிருந்து வான்கூவர் வரை 230 கிலோமீட்டர் போய் வரும் செலவு, முதல் நாள் இரவு ஓட்டல், இரண்டு நாட்டு விசாக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, கப்பலில் தலைக்கு நாளொன்றுக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் வரை பிடிக்கும் ஊழியர் சேவைக் கட்டணம். கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்கும் செலவு தனி.

இன்னும் சில குறிப்புகள்

புறப்படும் ஊருக்கு முதல் நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. சைவ உணவு வேண்டுமென்று டிக்கெட் எடுக்கும்போதே எழுதிக் கொடுங்கள். கோடையிலும் குளிர் உண்டு. கெச்சிக்கன் என்னும் ஊரில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை அதிகம். கம்பளிச் சட்டையும் மழைக் கோட்டும் அவசியம். ஆடித்தபசு வியாபாரத்தையும் தீபாவளி வியாபாரத்தையும் விட முடியாதவர்களுக்கு வைகாசி, ஆனி மாதங்கள் தோதானவை.

அண்ணாச்சி வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். மகன் வீடு சியாட்டிலில் இருப்பதால் அடக்கத்திலும் சியாட்டில்தான் குறைவு. ஆனால் வீட்டு அம்மாவுக்குச் செங்கோட்டை மலைப்பாதையில் பஸ் ஏறினாலே தலை சுற்றும். ஆகவே செலவு கூடினாலும் அலை குறைந்த வான்கூவர் வழி என்று முடிவாயிற்று. பயணத்தை அடுத்த ஆண்டு ஆனிக்குத் தள்ளிவைத்து, முதலில் கனடா விசாவுக்கு மனுப் போட்டிருக்கிறார்கள்.

நடுக்கடல் பழகியவர்களுக்கும், பிள்ளைகள் சியாட்டிலில் இருப்பவர்களுக்கும் சியாட்டிலே போதும். உடம்புக்குச் சுகமும் முதல் நாளிலிருந்தே காட்சியும் வேண்டுவோர் வான்கூவரில் ஏறலாம். பணமும் நாளும் கையில் உள்ளவர்கள் ஒருவழியாக வடக்கே போகலாம். எதைத் தேர்ந்தாலும் முதலில் பாஸ்போர்ட்டைத் திறந்து இரண்டு விசாவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். டிக்கெட் விலையை அதற்குப் பிறகு பேசலாம்.

உறுப்பினர்கள் வேறு விவரம் அறிந்திருந்தால் அடுத்த கூட்டத்தில் தெரிவிக்கவும்.